பெயர் போடாத கட்டுரை

ஜனவரி 8

அன்புள்ள அண்ணனுக்கு,

நீயும் அண்ணியும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே நானும் சுகம்தான். என் பெண் வாலு பயிற்சி மைய விடுதியில் இருக்கிறாள். அங்கே சாப்பாடு வாயில் வைக்க முடியவில்லை என்பதைத் தவிர அவளுக்கும் ஒரு குறையும் இல்லை.

போன வருடம் அரை மார்க்கில் உன் மருத்துவக் கல்லூரி சீட்டைக் கோட்டை விட்டாளே, இந்த வருடம் மறுபடி முயற்சி செய்கிறாள். இரண்டு முறைக்கு மேல் விடமாட்டார்களாம். அப்படியென்றால் இதுதான் கடைசி. என்னென்ன வேண்டும் என்று விசாரித்தால் ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள். கடைக்குக் கண்ணாடி மாற்ற வந்த வாத்தியார் ஒருவர், "மார்க் இருந்தா போதும்மா, மத்ததெல்லாம் சும்மா கண்துடைப்பு" என்றார். அவருக்கே எதிரில் இருக்கிற எழுத்து தெரியவில்லை, அவர் பேச்சை நம்பி நான் எங்கே போவது? அதனால்தான் அறுவை சிகிச்சைப் பேராசிரியரான உன்னைக் கேட்கிறேன். சிபாரிசு கேட்கவில்லை, பயப்படாதே. விதியை மட்டும் சொல்.

எனக்கு வேலை வழக்கம்போலத்தான். லென்ஸைத் தேய்க்கிறேன், ஃபிரேமில் மாட்டுகிறேன். மேல் தட்டில் இருக்கும் ஃபிரேமை எடுக்க இப்போதெல்லாம் ஸ்டூல் போட்டுக்கொள்கிறேன், இடது கை அவ்வளவு உயரம் போவதில்லை. முதுகிலும் கொஞ்சம் வலி. வயதாகிறது, வேறென்ன. நீ எனக்கு மூத்தவன், உனக்கு மட்டும் எப்படி ஒன்றும் வருவதில்லை?

உன் தங்கை

*

ஜனவரி 21

சின்னவளுக்கு,

கடிதம் வந்தது. நாங்கள் நலம். அண்ணிக்குச் சளி பிடித்திருந்தது, என்னுடைய மருந்தைச் சாப்பிடாததால் சீக்கிரம் சரியாகிவிட்டது.

விதியைக் கேட்டாய். பள்ளி இறுதித் தேர்வில் உயிரியல், வேதியியல், இயற்பியல் மூன்றிலும் முதல் வகுப்பு வேண்டும். ஓர் ஆஸ்பத்திரியில் ஒரு மாதம் உதவிக்கு நின்றதற்குச் சான்றிதழ் வேண்டும். ஏப்ரல் கடைசியில் நுழைவுத் தேர்வு. அதற்கு முன்பே ஒரு கட்டுரை அனுப்ப வேண்டும், எல்லாம் முடிந்து ஜூனில் நேர்காணல். கட்டுரைக்கு இந்த வருடத் தலைப்பு 'நான் கண்ட ஒரு நோயாளி'. தட்டச்சு செய்துதான் தர வேண்டும். பெயர், ஊர், பள்ளி எதையும் எழுதக் கூடாது, எண் மட்டும்தான். எழுதினால் படிக்காமலே தள்ளிவிடுவார்கள்.

கட்டுரை திருத்துகிறவர்களில் நானும் ஒருவன். தங்கை மகள் விண்ணப்பிக்கிறாள் என்று அலுவலகத்தில் எழுதிக் கொடுத்துவிட்டேன். அதனால் நேர்காணலில் உட்கார மாட்டேன். கட்டுரைகள் பெயரில்லாமல் வருகின்றன என்பதால் அவற்றைத் திருத்தலாம் என்றார்கள். எழுதியவர் யார் என்று எனக்குத் தெரிந்துபோனால் மட்டும் அந்தக் கட்டுரையைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். இன்னொருவர் புதிதாகப் படித்து மார்க் போடுவார்.

என் பாடு உனக்குத் தெரிந்ததுதான். காலையில் வார்டு, பிறகு ஆபரேஷன் தியேட்டர், மத்தியானம் மாணவர்கள். இவர்களுக்கு நோயாளியிடம் பேசத் தெரியவில்லை. கேள்வி கேட்கிறார்கள், பதில் வருவதற்குள் ஸ்கேனைத் தேடப் போய்விடுகிறார்கள். "அந்தம்மா என்ன சொல்றாங்கன்னு காது கொடுத்துக் கேளுய்யா" என்று கத்தியே என் தொண்டை போகிறது.

முதுகுக்கு ஒரு தலையணை வைத்து உட்கார். ஸ்டூலில் ஏறாதே. விழுந்தால் எலும்பு டாக்டரிடம் அனுப்ப வேண்டிவரும், அந்த ஆளை எனக்குப் பிடிக்காது.

அண்ணன்

*

ஜனவரி 30

வாலுவுக்கு அம்மா எழுதுவது.

ஒழுங்காகச் சாப்பிடு. தலைக்கு எண்ணெய் வை. மாமா சொன்ன விதிகளைத் தனித் தாளில் எழுதி இதோடு வைத்திருக்கிறேன். கட்டுரை திருத்துகிறவர்களில் மாமாவும் ஒருவராம். யார் எழுதியது என்று அவருக்குத் தெரியாதாம், அதனால் தெம்பாக எழுது.

இனி மற்ற விஷயம். லீவில் வந்தபோது என் மார்பைத் தொட்டுப் பார்த்து நீ முகம் வெளுத்தாயே, அது நீ நினைத்ததுதான். இங்கே கிளினிக்கில் ஊசி குத்தி எடுத்துப் பார்த்தார்கள். புற்று. ஆபரேஷன் செய்ய வேண்டுமாம். "எப்ப வர்றீங்க?" என்று டாக்டரம்மா கேட்டார். "மகளுக்கு சீட் கிடைச்சதும் வர்றேன்" என்றேன். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மாமாவுக்குத் தெரியக் கூடாது. தெரிந்தால் அன்றைக்கே வந்து என்னை மூட்டை கட்டித் தூக்கிக்கொண்டு போவான். நீ படிப்பைப் போட்டுவிட்டு என் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்காருவாய். வேண்டாமென்றால் கேட்கிற ஜாதியா நீ? தேர்வு போகும். மூன்றாவது வாய்ப்பு கிடையாது. உன் அப்பா செத்த வருடம் டாக்டராகப் போகிறேன் என்று நீதான் ஆரம்பித்தாய். அதைப் பிடித்துக்கொண்டுதான் நான் இத்தனை வருடம் கடைக்குப் போய் வருகிறேன். இன்னும் கொஞ்ச மாதம்தானே, அதற்குள் குடி முழுகிவிடாது.

மாமாவிடம் வாயைத் திறக்க மாட்டேன் என்று என் தலையில் அடித்துச் சத்தியம் செய்திருக்கிறாய். மறக்காதே.

அம்மா

*

பிப்ரவரி 14

அம்மாவுக்கு,

சுகமா என்று கேட்க மாட்டேன். சாப்பிட்டாயா?

கட்டுரையை நேற்று அனுப்பிவிட்டேன். விடுதியில் எல்லாரும் பயிற்சி மைய ஐயா கொடுத்த மாதிரியைப் பார்த்து எழுதினார்கள். "படிக்கிறவனை அழ வைக்கணும், அதுக்குத்தான் மார்க்கு" என்கிறார் அவர். நான் அதைத் தொடவில்லை. நான் கண்ட நோயாளி ஒருத்திதான், அவளைப் பற்றித்தான் எழுதினேன். பெயர் போடவில்லை.

நீ திட்டுவாய் என்று தெரியும். சத்தியத்தை நான் மீறவில்லை. வாயைத் திறக்கக் கூடாது என்றாய், திறக்கவில்லை. கட்டுரை மாமா கையில் போய் விழுமா, வேறு யார் கையிலாவது விழுமா என்று யாருக்குத் தெரியும்.

படிக்கிறேன். நன்றாகத்தான் படிக்கிறேன். பக்கம் திரும்புகிறது.

வாலு

*

மார்ச் 18

சின்னவளுக்கு,

நலம்தானே? நாங்கள் நலம். முதுகு எப்படி இருக்கிறது? தலையணை வைத்தாயா, இல்லை வழக்கம்போல இந்தக் காதில் வாங்கி அந்தக் காதில் விட்டாயா?

உன் அண்ணன் ஒரு மாதமாகக் கத்தியைக் கீழே வைத்துவிட்டுச் சிவப்புப் பேனா பிடித்திருக்கிறான். கட்டுரைகள் வந்து குவிந்துவிட்டன. இந்த வருடம் பிள்ளைகள் எல்லாரும் சேர்ந்து சொந்தக்காரர்களைக் கூண்டோடு கொன்றிருக்கிறார்கள். தாத்தா ஒருவர்கூடத் தப்பவில்லை. எல்லாரும் பேரப்பிள்ளையின் கையைப் பிடித்து "நீ டாக்டராகணும்" என்று சொல்லிவிட்டுத்தான் கண்ணை மூடுகிறார்கள். பயிற்சி மையக்காரர்கள் ஒரே பாட்டைக் கிளிப்பிள்ளைக்குச் சொல்வதுபோல் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள்.

இதையெல்லாம் வெளியே சொல்லக் கூடாது. நீ யாரிடம் சொல்லப் போகிறாய்? ஒரு கட்டுரையைப் படித்துச் சிரித்துவிட்டேன். ஒரு பிள்ளையின் அம்மாவுக்கு மார்பில் கட்டி. வீட்டிலேயே ஒரு சர்ஜன் இருக்கிறாராம். அவரிடம் மூச்சு விடக் கூடாது என்று அம்மா சத்தியம் வாங்கிவிட்டாளாம், தெரிந்தால் பிள்ளையின் படிப்பு கெட்டுப்போகுமாம். எந்த வீட்டில் இப்படி நடக்கும், நீயே சொல். இடது மார்பு, கல்லுப்போல, விரலுக்கு நகரவில்லை, அக்குளில் இன்னொன்று, கையை உயர்த்த முடியவில்லை என்று பாடப் புத்தகத்தைப் பார்த்து வரிசையாக இறக்கிவைத்திருக்கிறது. நோய் விவரத்தில் ஒரு குற்றம் சொல்ல முடியாது, கதைதான் ஓட்டை. 'நம்பும்படி இல்லை. பயிற்சி மைய வாசனை' என்று ஓரத்தில் எழுதி, இருப்பதிலேயே குறைந்த மார்க்கைப் போட்டேன்.

அண்ணியிடம் சொன்னேன். "பாவம், ஒருவேளை நெசமா இருந்தா?" என்றாள். "நெசமா இருந்தா அந்த சர்ஜனைத்தான் முதல்ல படுக்க வச்சு அறுக்கணும்" என்றேன்.

வாலு எப்படிப் படிக்கிறாள்? அவள் கட்டுரை யார் கையில் விழுந்ததோ. அவளாவது ஒழுங்காக எழுதியிருப்பாள்.

அண்ணன்

*

ஏப்ரல் 3

சின்னவளுக்கு,

போன கடிதத்துக்குப் பதிலையே காணோம். கிணற்றில் கல்லைப் போட்ட மாதிரி இருக்கிறது. உடம்புக்கு ஏதாவதா? கடையில் வேலை அதிகமா? இரண்டு வரி எழுது.

இங்கே வேலை முடிந்தது. வருகிற பன்னிரண்டாம் தேதி மார்க் பட்டியலை மூடுகிறார்கள். மூடிவிட்டால் கல்லூரி முதல்வரே நினைத்தாலும் ஓர் எண்ணை மாற்ற முடியாது. என் தலைவலி ஒழிந்தது.

அண்ணன்

*

ஏப்ரல் 6

அண்ணா,

அண்ணியும் நீயும் சுகமாக இருங்கள்.

அந்தக் கட்டுரையைத் திருப்பிக் கொடுத்துவிடு. எழுதியவர் யார் என்று இப்போது உனக்குத் தெரியும். பட்டியலை மூடுவதற்குள் கொடு. வேறு யாராவது படித்து மார்க் போடட்டும்.

உன் கடிதம் வந்த அன்றைக்கே இதை எழுதியிருக்கலாம். சொன்னால் அவள் படிப்பு போகும் என்று சொல்லாமல் இருந்தேன். சொல்லாததால் அவள் மார்க் போனது. எந்தப் பக்கம் போனாலும் அவள் தலையில்தான் விழுகிறது. யோசிக்கலாம் என்று உட்கார்ந்தால் ஒன்றுமே தோன்றவில்லை. காலையில் கடைக்குப் போனேன், சாயங்காலம் திரும்பி வந்தேன். அழவும் இல்லை. ஒரு பெரியவருக்கு இடது லென்ஸை வலது பக்கம் மாட்டிக் கொடுத்துவிட்டேன். அவர் போட்டுப் பார்த்து, "உலகம் சாஞ்சிருக்கும்மா" என்றார்.

அவள் புத்தகத்தை மட்டும் பார்த்து எழுதவில்லை. தொட்டுப் பார்த்தாள்.

உன்மேல் எனக்குக் கோபம் இல்லை. நீ கேட்டாயே, எந்த வீட்டில் நடக்கும் என்று. நம் வீட்டில்தான்.

தங்கை

*

ஏப்ரல் 9

சின்னவளே,

கொடுத்துவிட்டேன். 'எழுதியவரை அறிவேன்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அலுவலகத்தில் காரணம் கேட்கவில்லை. நான் போட்ட மார்க்கை அடித்துவிட்டு, வேறு பிரதி எடுத்து, இன்னொருவருக்கு அனுப்பிவிட்டார்கள்.

உன்னிடம் கேட்க வேண்டியதை எழுதலாம் என்று தாளை எடுத்தேன். எந்தப் பக்கம், எப்போதிலிருந்து, நகருகிறதா, அக்குளில் உண்டா. எழுத ஒன்றும் மிச்சமில்லை. எல்லாவற்றுக்கும் அவள் பதில் சொல்லியிருந்தாள். முதுகு வலியை மட்டும் அவள் எழுதவில்லை. அதை நீயே எனக்கு எழுதியிருந்தாய், நான் தலையணை வைக்கச் சொன்னேன்.

நேற்று காலையில் தியேட்டரில் இருந்தேன். கை நடுங்கவில்லை. நடுங்கினால் நன்றாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டே தையல் போட்டேன். மத்தியானம் மாணவர்களுக்கு வகுப்பு எடுத்தேன். என்ன எடுத்தேன் என்று நினைவில்லை.

சனிக்கிழமை கார் எடுத்துக்கொண்டு வருகிறேன். ஒன்றும் பேசாமல் ஏறி உட்கார். வாலுவுக்கு நுழைவுத் தேர்வு முடிகிறவரை நானும் வாயை மூடிக்கொண்டிருக்கிறேன். அதற்கு மேல் என்னிடம் கேட்காதே.

அண்ணன்

*

மே 12

வாலுவுக்கு மாமா எழுதுவது.

தேர்வு நன்றாக எழுதினாய் என்று அம்மாவுக்கு நீ எழுதியதிலிருந்து தெரிந்துகொண்டேன். அத்தை உன்னை விசாரித்தாள்.

அம்மா இங்கே என் ஆஸ்பத்திரியில் இருக்கிறாள். "இன்டர்வியூ முடியிற வரைக்கும் அவகிட்ட சொல்லிடாதே" என்றாள். சொல்லாமல் இருந்து இந்தக் குடும்பம் பட்டது போதும். அதனால் சொல்கிறேன்.

ஆபரேஷன் செவ்வாய்க்கிழமை நடந்தது. எங்கள் தொழிலில் சொந்த ரத்தத்தை அறுப்பதில்லை. என்னிடம் படித்தவள் ஒருத்தி செய்தாள், என்னைவிடச் சுத்தமான கை. நான் வெளியே சொந்தக்காரர்கள் உட்காரும் பெஞ்சில் இருந்தேன். எத்தனையோ வருடமாக அந்தக் கதவைத் திறந்துகொண்டு வந்து அந்தப் பெஞ்சில் இருக்கிறவர்களிடம் பேசியிருக்கிறேன். உட்கார்ந்தது முதல் தடவை. அவள் வெளியே வந்து முகக்கவசத்தைக் கழற்றினாள். "எப்ப இருந்து சார் இருக்கு இது?" என்றாள்.

மார்பை எடுத்தாயிற்று. அக்குளில் எல்லா இடத்திலும் பரவியிருக்கிறது. முதுகெலும்பிலும் போய் உட்கார்ந்திருக்கிறது, அதை எடுக்க முடியாது. மருந்தும் கதிர்வீச்சும் கொடுத்து வலியைக் குறைக்கலாம். ஒரு வருடம், கூடினால் கொஞ்சம் மேலே. முன்பே வந்திருந்தால் எத்தனை வருடம் என்று என்னால் சொல்ல முடியாது. ஆனால் வேறு பேச்சு பேசியிருப்பேன்.

உன் கட்டுரை என் கைக்குத்தான் வந்தது, பாடப் புத்தகத்தைப் பார்த்து எழுதியது என்று தள்ளி அதை அம்மாவுக்கும் எழுதினேன், யார் எழுதியது என்று தெரிந்த பிறகுதான் திருப்பிக் கொடுத்தேன். உன்னிடம் எனக்கு வெட்கமாக இருக்கிறது. இதற்கு மேல் எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. நேர்காணலுக்கு இரண்டு நாள் முன்னால் இங்கே வந்துவிடு.

மாமா

*

மே 19

மாமாவுக்கு,

அத்தை சுகமா? அம்மாவுக்கு என்ன சாப்பிடக் கொடுக்கிறீர்கள்? புளிப்பு கொடுக்காதீர்கள், நெஞ்சு கரிக்கும் என்பாள்.

அது கட்டுரை இல்லை மாமா. உங்களுக்கு எழுதிய கடிதம். பெயர் போட்டால் கிழித்துவிடுவார்கள், வாயைத் திறந்தால் சத்தியம் போகும். எனக்கு வேறு வழி தெரியவில்லை. வேறு பேராசிரியர் கைக்குப் போயிருந்தால் கட்டுரையாகவே போகட்டும் என்று இருந்தேன். உங்கள் கைக்கே வந்தது.

பாடப் புத்தகத்தைப் பார்த்து எழுதியது என்றீர்களே. உண்மைதான். இங்கே நூலகத்தில் நீங்கள் எழுதிய புத்தகம் இருக்கிறது. மார்புக் கட்டி என்று வந்தால் என்னென்ன கேட்க வேண்டும் என்று அதில் வரிசையாகப் போட்டிருக்கிறீர்கள். அதே வரிசையில் எழுதினேன். உங்கள் வரிசை உங்களுக்குத் தெரியும் என்று நினைத்தேன்.

பிப்ரவரி முழுக்கக் காலையில் எழுந்ததும் விடுதி வாசலைப் பார்ப்பேன், உங்கள் கார் நிற்கிறதா என்று. மார்ச்சிலும் பார்த்தேன். அப்புறம் பார்ப்பதை விட்டுவிட்டேன். இப்போது கோபம்கூட வரவில்லை. வர வேண்டும் என்று காத்துக்கொண்டிருக்கிறேன்.

நேர்காணலுக்கு வருகிறேன்.

வாலு

*

ஜூலை 10

மாமாவுக்கு,

நீங்களும் அத்தையும் நலமா? அம்மாவோடு வீடு வந்து சேர்ந்தோம். வழியில் ஒவ்வொரு மேட்டுக்கும் அம்மா கண்ணை மூடிக்கொண்டாள். மாத்திரைகளை நீங்கள் எழுதிக் கொடுத்தபடி கொடுக்கிறேன்.

சீட் கிடைத்துவிட்டது. நேற்று தபாலில் வந்தது. அம்மா அதைக் கையில் பிடித்துக்கொண்டு கண்ணாடிக் கடைவரைக்கும் நடந்தே போய்விட்டாள். முதலாளி, பக்கத்துக் கடைக்காரர், கண்ணாடி வாங்க வந்தவர்கள் எல்லாருக்கும் காட்டினாள். திரும்பி வந்து படுத்தவள் ராத்திரி சாப்பிட எழுந்திருக்கவில்லை. "எனக்கு இன்னிக்குப் பசிக்கலடி, மனசு ரொம்பிடுச்சு" என்றாள்.

உங்கள் வீட்டில் இருந்தபோது ஒன்றைச் சொல்லவில்லை. நேர்காணலில் மூன்று பேர் இருந்தார்கள். நடுவில் இருந்தவர் என் கட்டுரையைக் கையில் வைத்திருந்தார்.

"இது நெசமாம்மா?" என்று கேட்டார்.

நிஜம் என்றால் வீட்டில் இருக்கிற சர்ஜன் யார் என்று அடுத்த கேள்வி வரும். உங்கள் பெயர் வரும். நீங்கள் முதலில் திருத்தியது வரும், அதை அம்மாவுக்கு எழுதியது வரும். உங்கள் வேலையும் போகும், என் சீட்டும் போகும். அம்மா இத்தனை நாள் பொறுத்ததற்கு ஒன்றும் மிஞ்சாது.

"இல்ல சார், கற்பனை" என்றேன்.

"அப்ப இப்படி ஒரு அம்மா இல்லையா?"

"இல்ல சார்."

அவர் பக்கத்தில் இருந்தவரிடம் தாளைக் காட்டிச் சிரித்தார். "அப்படியே கூட இருந்து பார்த்த மாதிரி எழுதியிருக்கியேம்மா. நான் நம்பிட்டேன் போ" என்றார். அப்போதே மார்க் போட்டுவிட்டார் என்று நினைக்கிறேன், பேனா அசைந்தது.

வெளியே உங்கள் காரின் பின் சீட்டில் அம்மா படுத்திருந்தாள். "என்னடி கேட்டாங்க?" என்றாள். "எதுக்கு டாக்டராகணும்னு கேட்டாங்கம்மா." "என்னைப் பத்தி ஏதாவது கேட்டாங்களா?" "உன்னைப் பத்தி யாருமே கேக்கல" என்றேன். "அதுதான் நல்லது" என்று சொல்லித் தூங்கிவிட்டாள்.

ஆகஸ்ட் முதல் தேதி சேர வேண்டும். ஒரு வருடம் தள்ளிச் சேரலாமா என்று விதியைப் பார்த்தேன், முடியாது என்றிருக்கிறது. அம்மா இன்றைக்கே என் பெட்டியை எடுத்துத் தூசி தட்டச் சொல்லிவிட்டாள். கடை முதலாளியின் தங்கை கூட வந்து இருந்துகொள்வாராம். வார்டுக்குள் மூன்றாம் வருடம்தான் விடுவார்களாமே. நான் உங்கள் வார்டுக்கு வரும்போது, நீங்கள் சொன்ன கணக்குப்படி, அம்மா இருக்க மாட்டாள்.

எனக்கு ஒன்று மட்டும் எழுதுங்கள் மாமா. கல்லூரியில் யாராவது அம்மா எப்படி இருக்கிறாள் என்று கேட்டால் நான் என்ன சொல்வது? அவர்களிடம் அப்படி ஒரு அம்மாவே இல்லை என்று சொல்லித்தான் உள்ளே வந்திருக்கிறேன்.

வாலு